தெரு எங்கே போய் முடிகிறது?



மதுரை மீனாட்சியம்மன் கோயிலை விட்டு எந்த வாசல் வழியாக வந்தாலும் வழி தவறாது. முதலில் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கப்பால் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. குறுக்கே ஏகப்பட்ட சந்துகள். மாசி வீதியில் தேர் வருகிற நாளில்கூடப் பால்காரர் ஏதாவது ஒரு சந்தில் புகுந்து வந்துவிடுவார்!

வெளி வீதி வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களை ஒட்டி, ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் அவற்றை எடுத்தார்கள். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த இடம் என்று ஏற்பாடு. வேலையில் முன்நின்றவர்கள் பெயர்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும். பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான் நம் விளக்குத்தூண். சுவர் போனது, ஊர் வளரத் தெரு கிடைத்தது.

இன்று புறநகரில் அந்தச் சுவர் திரும்ப முளைக்கிறது. நில அளவை வேலையாக ஒரு புது நகருக்குப் போயிருந்தேன். ஓர் அம்மா பின்சுவரைக் காட்டினார்: "அந்தா தெரியுதுல்ல சார், பள்ளிக்கூடம். கூப்பிடு தூரம்தான். ரோட்டைச் சுத்திப் போனா ரெண்டு கிலோமீட்டர்." சுவரில் கால் வைக்க வாகாகச் செங்கல் பெயர்த்திருந்தது. மேலே கண்ணாடிச் சில்லைத் தட்டிவிட்டுச் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வேலை!

ஆளாளுக்குத் தன் நிலத்தில் பிளாட் போடுகிறார்கள். தெருவும் அவரவர் எல்லையோடு நின்றுவிடுகிறது. எல்லா நகரும் ஒரே மெயின் ரோட்டில் போய் இறங்கினால் காலை எட்டரைக்கு நெரிசல் வராமல் என்ன செய்யும்? பஸ்ஸும் உள்ளே வராது, திரும்ப இடமில்லை. அமெரிக்காவிலும் புதிதாகப் போட்ட தெருக்களில் முட்டுச்சந்துகளின் பங்கு 1990-களின் நடுப்பகுதி வரை கூடி, பிறகுதான் குறையத் தொடங்கியது.

மாசி வீதியில் கட்டடங்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன, வீதி மாறவில்லை. போட்ட தெருவைத் திருத்துவது அவ்வளவு கடினம். அதனால் மனை வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு வரைபடத்தையும் விரித்து, கடைசித் தெரு எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் தெருக்கள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குச் சேர்ந்தவை. அவற்றின் குறுக்கே சுவர் நின்றால் அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.