டெல்லிக் குளிரில் டிராக்டர்

2021 ஜனவரி 1. டெல்லி சப்தர்ஜங்கில் குளிர் 1.1 டிகிரியைத் தொட்டது. டெல்லியின் சிங்கு, திக்ரி எல்லைகளில் வேளாண் சட்டங்களை எதிர்த்துப் போராடிய விவசாயிகளின் டிராக்டர்கள் அன்றும் திறந்தவெளியில்தான் நின்றன. 26-ஆம் தேதி பேரணிக்கும் கிளம்பின.

லடாக்கின் கதை வேறு. அங்கே டீசலே உறைந்துவிடும். மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது. அத்தகைய ஊரில் சின்ன டிராக்டருக்கும் எஞ்சின் ஹீட்டர் வேண்டும்.

டெல்லிக்கு வேண்டாம். இங்கே காலையில் மக்கர் செய்யும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. குளிரில் அதன் பலம் குறையும். எஞ்சின் ஆயிலோ கெட்டிப்பட்டு இன்னும் பலம் கேட்கும். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைத் துடைத்து, போல்ட்டை இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

ஹீட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல பேட்டரி வாங்குங்கள்.