பரந்த வளாகத்துக்கு வைஃபை: வாங்கும் முன் திட்டமிடுவோம்

(நமது அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஆவடி, பூவிருந்தவல்லி பக்கம் இன்று எத்தனையோ கல்லூரிகள். வகுப்பறை ஒரு மூலையில், விடுதி இன்னொரு மூலையில். அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் சொல்லும் குறை ஒன்றுதான்: "வைஃபை கோடு முழுசா காட்டுது, ஆனா பக்கம் திறக்க மாட்டேங்குது." உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவில் இப்படி நடந்தால், ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு வருடக் கட்டணமே கைநழுவிப் போகும்.

நம் பிள்ளைகளில் சிலர் நாளை இத்தகைய நெட்வொர்க்கை அமைக்கப் போகிறவர்கள். பெரியவர்களில் சிலர் பள்ளி, விடுதி, மதரஸா நிர்வாகக் குழுக்களில் அமர்ந்து கொட்டேஷனில் கையெழுத்திடப் போகிறவர்கள். இரு தரப்பாருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

கணினிகளைக் கம்பியில்லாமல் இணைக்கும் முயற்சி, பரந்து கிடந்த ஒரு பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. தொலைபேசிக் கம்பி வழியே கணினியை இணைப்பது செலவு, நம்பகமும் குறைவு. பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் வானொலி அலையைப் பயன்படுத்தினார்கள். 1971 ஜூனில் 'அலோஹாநெட்' இயங்கத் தொடங்கியது. அதன் விதி எளியது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு. இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், சற்றுப் பொறுத்து மறுபடி சொல். இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்று ஆப்ராம்சன் கணக்கிட்டார். அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் மோதல் பெருகி எல்லாருக்கும் வேகம் குறையும்.

இன்றைய வைஃபை, பேசுமுன் காது கொடுத்துக் கேட்கிறது. அதனால் எவ்வளவோ திறமையானது. ஆனாலும் காற்று பொதுச் சொத்து. ஒரே சேனலில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால்தான் புரியும். ஆகவே முதல் வேலை, தலைகளை எண்ணுவது. சென்னை ஐஐடி வளாகம் 600 ஏக்கருக்கும் மேல், மரங்கள் அடர்ந்தது. மான் திரியும் இடத்துக்கு வைஃபை எதற்கு? விடுதிக்கும், வகுப்பறைக்கும், நூலகத்துக்கும்தான் வேண்டும். எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எழுதிக்கொண்டால் திட்டத்தில் பாதி முடிந்தது.

இரண்டாவது, நடந்து பார்ப்பது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கு வேறு வேறு சேனல் கொடுக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டும் வலு குறைவு. தாழ்வாரத்தில் நின்று பார்த்துவிட்டு 'நன்றாக வருகிறது' என்று சொல்லிவிடக் கூடாது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, மாணவர் உட்கார்ந்து படிக்கும் இடத்தில் அளந்து பாருங்கள்.

'பவரைக் கூட்டினால் போதுமே' என்பார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி தெருமுனை வரை கேட்கும். தெருமுனையில் நிற்பவர் பதில் சொன்னால் உள்ளே கேட்குமா? கைப்பேசியின் குரலும் அப்படித்தான். பெரிய சாதனத்தின் அலை நம்மை எட்டும், நம் கைப்பேசியின் சிறிய அலை அதை எட்டாது. கோடு முழுதாகக் காட்டியும் பக்கம் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, கம்பி. கம்பியில்லா வலைக்கும் முதுகெலும்பு கம்பிதான். சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்குத்தான் கணக்கு. கட்டடத்துக்குக் கட்டடம் ஆப்டிகல் ஃபைபர் போடுவது நல்லது. அது கண்ணாடி இழை என்பதால் இடி மின்னலின் மின்சாரத்தைக் கடத்தாது. நடுவே சாலையோ ரயில் பாதையோ குறுக்கிட்டால், இரு மொட்டை மாடிகளில் எதிரெதிராக ஆன்டெனா வைக்கலாம். நடுவில் மரம் மறைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். நம் பகுதியில் ஸ்விட்ச் பெட்டியைத் தரைத்தளத்தில் வைக்கவே வேண்டாம்.

நான்காவது, மின்சாரமும் ஆளும். இதற்குத் தேனி நல்ல பாடம். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபை கருவிகளையே மாற்றியமைத்தார்கள். 2006 வாக்கிலேயே கிராமத்து நோயாளிகள் வீடியோ வழியாக மருத்துவரிடம் பேசினார்கள். பல கிலோமீட்டர் தூரத்தை அலை தாண்டியது. தொல்லை கொடுத்தது பெரும்பாலும் மின்சாரம்தான். ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைப் பழுதாக்கியது. ஆய்வாளர்கள் மின்சாரப் பாதுகாப்பைச் சீர்செய்தார்கள். மருத்துவமனை ஊழியர்களுக்கே பழுது பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். வெளியூர் நிபுணரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை குறைந்தது.

நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களே, கொட்டேஷன் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்குக் கணக்குப் போட்டீர்கள்? அறைக்குள் அளந்தீர்களா? கரண்ட் போனால், மழை வந்தால் என்ன ஏற்பாடு? பழுதானால் இங்கேயே பார்க்க யாருக்குக் கற்றுக்கொடுப்பீர்கள்? பதில் இல்லாவிட்டால் கையெழுத்தைத் தள்ளிப் போடுங்கள். நன்கொடையாக வந்த பணம் அமானிதம். பெட்டிகளாக வாங்கிக் குவிப்பதால் அதன் பொறுப்பு தீர்ந்துவிடாது.

மாணவர்களே, ஃபைபர் இணைப்பது, அலையை அளப்பது, ஸ்விட்ச் அமைப்பது எல்லாம் ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களும் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில்கள். நம் ஊரிலேயே வேலையும் உண்டு. விடுமுறையில் உங்கள் கல்லூரி வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே அலை கிடைக்கிறது, எங்கே இல்லை என்று குறித்துக் கல்லூரி நிர்வாகத்திடம் கொடுங்கள். குறை சொல்வதைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

கற்பதைப் பிறருக்குப் பயன்படச் செய்யும் நற்பேற்றை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தருவானாக. வஸ்ஸலாம்.