காப்பீட்டு அட்டையும் தருமபுரிக் குடியானவனும்



மறைந்த ஒருவரின் நினைவைப் போற்றச் சிலை எழுப்பாமல், ஆண்டுதோறும் ஊரார் ஓரிடத்தில் கூடிப் பொது விஷயம் ஒன்றைப் பற்றிச் சிந்திக்கும்படி நிதி ஒதுக்கி வைத்த இந்த அறக்கட்டளைக் குடும்பத்தாரின் உள்ளத்தை வணங்குகிறேன். மருத்துவக் காப்பீட்டில் நம் தேசத்தில் நேர்ந்திருக்கும் மாறுதல், தருமபுரி மாவட்டத்துச் சாதாரண ஜனங்களுக்கு எதைத் தந்தது, எதைத் தராமல் விட்டது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தருமபுரி மண்ணில் நின்று நோயையும் அரசாங்கத்தையும் சேர்த்துப் பேசுகிறவனுக்குச் சுப்பிரமணிய சிவாவின் நினைவு வராமற் போகாது. சிறைவாசத்திலே தொழுநோய் பற்றி, அந்த நோயையே காரணமாகக் காட்டி ரயிலில் ஏறலாகாதென்று அன்றைய ஆட்சியாளர் தடுத்தபோதும், ரணம் நிறைந்த உடம்போடு ஊர் ஊராகச் சென்று தேசபக்தியைப் பரப்பி, 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் பாப்பாரப்பட்டியில் உயிர்நீத்தார் அவர். நோயாளி விலக்கப்பட வேண்டியவன் என்பது அந்நிய ஆட்சியின் நீதியாயிருந்தது. நோயாளிக்காகப் பணம் கட்டுவது தன் கடமை என்று இன்றைய அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்த மாற்றத்தின் அருமையை உணர்ந்தவர்களுக்கே இதன் குறைகளைப் பேசும் உரிமை உண்டென்பது என் அபிப்பிராயம்.

உழைப்பாளியின் நோய்க்குச் சட்டத்தின் மூலம் காப்பீடு செய்யும் ஏற்பாட்டை 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் தொடங்கினார். 1911இல் லாயிட் ஜார்ஜ் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். அந்நாடே 1948 ஜூலையில் காப்பீட்டையும் தாண்டி, வரிப்பணத்தால் எல்லாக் குடிமக்களுக்கும் வைத்தியம் என்ற நிலைக்குச் சென்றது. நம் நாட்டில், ஏ. லட்சுமணசாமி முதலியார் அங்கம் வகித்த போர் (Bhore) சுகாதாரக் கமிட்டி 1946இல் தந்த அறிக்கை, பணம் கொடுக்க இயலாமையால் ஒருவனுக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாதென்பதை ஆதாரமான கொள்கையாகக் கொண்டது. அவ்வறிக்கை காட்டிய வழி கிராமந்தோறும் அரசு சுகாதார நிலையம். நாம் முதலில் நடந்ததோ தொழிற்சாலை வழி. 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவனுக்கு அது பெரும் உபகாரமாயிற்று. மானாவாரியில் கேழ்வரகும் சாமையும் விதைக்கிறவன், கல்லுடைக்கிறவன், புளி குத்துகிறவள், கொத்து வேலைக்குப் பெங்களூருக்குப் போகிறவன் ஆகிய நம்மவர்க்குச் சம்பளப் பட்டியல் ஏது? அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் அந்தச் சட்டத்தின் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

அந்த வாசல் தமிழ்நாட்டில் அவர்களுக்குத் திறந்தது 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தால். அதை மாற்றி 2012 ஜனவரி 11ஆம் நாள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் அதில் சேர்க்கப்பட்டன. அவ்வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. 2018 செப்டம்பர் 23 அன்று மத்திய அரசு பிரதம மந்திரியின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தைத் தொடங்கியபோது, அது மாநிலத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரையில் சிகிச்சை என்ற நிலை ஏற்பட்டது. பிரீமியத்தில் ஒரு பைசாவும் ஏழை கொடுப்பதில்லை. மத்திய அரசின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசு அறுபது பங்கும் மாநில அரசு நாற்பது பங்கும் ஏற்கின்றன. ஏனையோருக்கு மாநிலமே ஏற்கிறது. ஆட்சிகள் மாறியும், பெயர்கள் மாறியும், திட்டம் மாத்திரம் மடியாமல் வளர்ந்துவந்ததைத் தமிழ்நாட்டு அரசியலின் நற்குணங்களுள் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

இதனால் விளைந்த நன்மையை அளக்க வேண்டுமானால், இது வருவதற்கு முன் ஒரு கிராமத்துக் குடும்பத்தில் இருதய நோயோ, சிறுநீரகக் கோளாறோ, புற்றுநோயோ நுழைந்தால் என்ன நடந்ததென்று நினைத்துப் பார்க்க வேண்டும். முதலில் ஆடு போகும், பிறகு கறவை மாடு போகும், தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும், வட்டிக்காரன் வீட்டுத் திண்ணைக்கு வருவான், கடைசியில் கிணற்றடி நிலமும் கைமாறும். நோயாளி பிழைத்தாலும் குடும்பம் பிழைக்காது. இதையெல்லாம் அறிந்திருந்த முதியவர்கள், சேலத்துக்கோ பெங்களூருக்கோ கூட்டிப்போக மகன் முன்வந்தாலும், வேண்டாமென்று கையமர்த்திவிட்டு வீட்டிலேயே கிடந்து சாவதைத் தெரிந்து தேர்ந்துகொண்டார்கள். தந்தை தன் உயிரையும் பிள்ளைகளின் நிலத்தையும் தராசில் வைத்து நிறுக்கும் அந்தக் கொடிய நிர்ப்பந்தத்தைப் பெருமளவுக்கு நீக்கியது காப்பீட்டு அட்டை. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மருத்துவத்துக்காகும் மொத்தச் செலவில் ஜனங்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14இல் நூற்றுக்கு 64.2 ஆக இருந்தது; 2021-22இல் அது 39.4 ஆகக் குறைந்திருக்கிறது. இக்குறைவு முழுவதையும் காப்பீட்டின் கணக்கில் எழுதலாகாது. அரசு தன் ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்துகளுக்கும் செய்த செலவு கூடியதும் இதில் சேரும்.

இனி, இந்த அட்டையின் சக்தி எந்த இடத்தில் தொடங்குகிறதென்று பாருங்கள். நோயாளி உள்நோயாளியாகச் சேர வேண்டும். சேர்கிற ஆஸ்பத்திரி திட்டத்தின் அங்கீகாரம் பெற்றதாயிருக்க வேண்டும். செய்யப்போகும் சிகிச்சை பட்டியலில் இருக்க வேண்டும். காப்பீட்டுக் கம்பெனியின் முன் அனுமதி வர வேண்டும். அதற்கு முன்னரே, ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று இவற்றோடு கலெக்டர் ஆபீஸிலுள்ள மையத்துக்குப் போய்க் குடும்பத்தைப் பதிந்திருக்க வேண்டும். நோய் வருமுன் இதைச் செய்துவைப்பவர் சிலரே. நோயாளியைக் கட்டிலில் கிடத்திவிட்டுச் சான்றுக்காக ஓடுகிறவர்களே பலர். குடும்பத்தில் பாதிப்பேர் திருப்பூரிலும் பெங்களூரிலும் கூலிக்குப் போயிருக்கும் வட்டாரம் இது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஏரியூர்ப் பக்கத்திலிருந்தோ அரூர்ப் பக்கத்திலிருந்தோ வருகிறவருக்குப் பஸ் கட்டணமும், உடன் வருகிறவரின் சாப்பாடும், இருவரும் இழக்கும் கூலியும் எந்தப் பட்டியலிலும் இல்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஆயுள் முழுதும் விழுங்க வேண்டிய மாத்திரையும் இந்த அட்டையால் கிடைப்பதன்று. மாத்திரையை வாங்க முடியாமல் நிறுத்தியவனுக்குப் பத்தாண்டு கழித்துச் சிறுநீரகம் கெட்ட பிற்பாடு மாத்திரம் காப்பீடு கைகொடுக்குமானால், காலந்தாழ்ந்த உபகாரத்துக்கு நாம் பெரும் விலை கொடுக்கிறோம் என்றுதானே பொருள்? 2004 வரையில் நம் மாவட்டமாகவே இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், இம்மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. காப்பீட்டுக்குத் தரப்படும் விளம்பரத்தில் பாதியாவது அதற்குத் தரப்பட வேண்டும்.

தருமபுரிக்காரர்களிடம் நீரைப் பற்றிப் பேசாமல் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. நம் மண்ணுக்கடியிலுள்ள பாறையிலிருந்து கரையும் ஃப்ளோரைடு, ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாதென்பது விதி. மழை பொய்த்து, ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் ஆழமாகப் போகப்போக, அந்த வரம்பைத் தாண்டிய நீரையே தலைமுறை தலைமுறையாகப் பருகியவர்கள் இங்கே இருந்தார்கள். குழந்தையின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாய்க் கறை படிந்ததும், உழைக்கும் வயதிலேயே முதுகு விறைத்து, மூட்டு மடங்காமல், கூன் விழுந்து நடந்ததும் உங்கள் கண்ணால் கண்டவை. எலும்பில் ஏறிய அந்த விஷத்தை இறக்கும் சஸ்திர சிகிச்சை எதுவும் இல்லை. 5 லட்சம் என்ன, 50 லட்சத்துக்கு அட்டை கொடுத்தாலும் கறை படிந்த பல்லும் விறைத்த முதுகும் பழையபடி ஆவதில்லை. அதற்கு மருந்து காவிரியில் இருந்தது. ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்று 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் வீதிக் குழாய்களுக்கு ஆற்று நீரைக் கொண்டுவந்தது. அதன் பயனை எந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் பேரேடும் காட்டாது. குழந்தைக்கு வராமற்போன நோய்க்கு யாரும் கோரிக்கைப் படிவம் எழுதுவதில்லை. குழாயில் நீர் வராத நாட்களில் ஜனங்கள் மறுபடியும் ஆழ்துளைக் கிணற்றுக்கே போகிறார்கள் என்பதையும், அக்குழாயைப் பழுதில்லாமல் வைத்திருப்பது வைத்தியச் செலவின் ஒரு பகுதியே என்பதையும் அதிகாரிகள் மறக்கலாகாது.

நீர் இப்படி, தூரம் என்பது இன்னொரு வியாதி. மலைவாழ் மக்களின் ஊர்களில், பிரசவ வேதனைப்படும் பெண்ணைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மலையிறங்கிய காட்சிகள் பழங்கதை ஆகிவிடவில்லை. அரூர் வட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்குக்கு 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் வைத்தியத் தம்பதிகள் வந்தபோது, நல்ல சிகிச்சை வேண்டுமானால் அம்மக்கள் பல மைல் கடந்து போக வேண்டியிருந்தது. பிறக்கும் ஆயிரம் சிசுக்களில் ஏறத்தாழ 147 ஓராண்டு நிறைவதற்குள் மடிந்ததாக அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு குடிசையில் தொடங்கினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண்களைச் செவிலியராகவும் சுகாதார ஊழியராகவும் பழக்கினார்கள். பள்ளத்தாக்கில் சிசு மரணம் வெகுவாகக் குறைந்தது. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டுத் திட்டம் தோன்றுவதற்கு வெகு முன்பே இது நடந்தது. அட்டை என்பது பணத்தைத் தரும். பணத்தை வாங்கிக்கொண்டு வைத்தியம் செய்ய நடக்கும் தூரத்தில் ஒருவர் வேண்டுமே! ஏழைக்கு அந்த ஒருவரைத் தேடிக்கொடுக்கும் பொறுப்பு அரசுக்கே உரியது.

சான்று எதுவும் கேளாமல் அரசு சிகிச்சை தரக்கூடும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. தொப்பூர்க் கணவாய்ச் சரிவில் லாரிகளும் கார்களும் மோதி விழும் விபத்துக்களைப் பத்திரிகையில் படித்துப் படித்து நாம் மரத்துப்போனோம். 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், எவ்வளவு வருமானம் உடையவரானாலும், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சை இலவசம். ரத்தம் வழிகிறவனிடம் வருமானச் சான்று கேட்பதில்லை. மத்திய அரசும் 2024 அக்டோபரில், எழுபது வயது நிறைந்தவர்க்கு வருமானம் பாராமல் காப்பீடு தருவதைத் தொடங்கியிருக்கிறது. விபத்துக்கும் முதுமைக்கும் இசைந்த இந்த நியாயம், பிரசவத்துக்கும் புற்றுநோய்க்கும் மாத்திரம் இசையாமற்போகக் காரணம் எனக்குப் புலப்படவில்லை. சான்றுக்காக அலையவிட்டு, ஏழையல்லாதவன் ஒருவனை வெளியே நிறுத்தும் முயற்சியில் ஏழைகள் பலரையும் வெளியே நிறுத்திவிடுகிறோம்.

முடிக்குமுன், இந்த ஊர்ப் பெரியவர்கள் கையிலேயே இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளைப் போலவே அரசு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்திருக்கின்றன. அங்கே சிகிச்சை பெறுகிறவர் அட்டையைக் காட்டினால், அதற்குரிய தொகை அந்த ஆஸ்பத்திரிக்கே வந்து, கருவிகளுக்கும் மராமத்துக்கும் ஊழியருக்கும் பயன்படுகிறது. 2008இல் மருத்துவக் கல்லூரியோடு வளர்ந்த தருமபுரிப் பெரியாஸ்பத்திரியும், பென்னாகரம், அரூர், பாலக்கோடு ஆஸ்பத்திரிகளும் இத்தொகையால் உரம் பெறுமானால், ஜனங்கள் சேலத்துக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை. ஆண்டுதோறும் இவ்வாறு வந்த பணம் எவ்வளவு, அதில் என்ன வாங்கப்பட்டது, எந்தச் சிகிச்சைக்கு இன்னமும் வெளியூருக்கு அனுப்புகிறார்கள், ஏன் என்ற விவரங்களைத் தாலுகாவாரியாக அச்சிட்டு, கிராம சபையில் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பெயர் பதியாத குடும்பங்களின் பட்டியலையும் அதே கூட்டத்தில் எடுத்து, வருமானச் சான்றுக்கு அங்கேயே மனு எழுதி வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரும் அன்று அந்தக் கூட்டத்தில் இருப்பார்.