கனியும் கலகமும்



ஓர் உயிரினத்தின் இயல்பை அறிய விரும்புவோர் முதலில் அதன் உணவை நோக்குதல் வேண்டும். உணவு எங்கே இருக்கின்றது, எவ்வளவு இருக்கின்றது, எக்காலத்திற் கிடைக்கின்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்துவிட்டால், அவ்வுயிர்கள் கூடி வாழ்வதற்கும் பிரிந்து திரிவதற்கும் உரிய காரணங்களிற் பல தாமாகவே விளங்கிவிடும். மனிதனுக்கு மிக நெருங்கிய உறவுடைய சிம்பன்சி என்னும் வாலில்லாக் குரங்கின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சான்றாகும்.

சிம்பன்சிகள் ஆபிரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து கிழக்கே தங்கனீக்கா ஏரிக்கரை வரையுள்ள காடுகளில் வாழ்வன. இலையும் பூச்சியும் இறைச்சியும் உண்ணுமாயினும், பழுத்த கனிகளே அவற்றின் தலையாய உணவு. ஆனால் காட்டு மரங்கள் எல்லாம் ஒருங்கே பழுப்பதில்லை. இன்று கனி நிறைந்து நிற்கும் மரம் சில நாளில் வெறுமையாகும். அடுத்த மரமோ நெடுந்தொலைவில் இருக்கும். ஆதலின் ஒரு சமுதாயத்தைச் சேர்ந்த சிம்பன்சிகள் மந்தை போல் எப்பொழுதும் ஒன்றாய்த் திரிவதில்லை. பெரிய அத்திமரம் ஒன்று பழுத்தால் பல கூடிவிடும். அவற்றின் ஆரவாரம் காடெங்கும் ஒலிக்கும். கனி அருகினாலோ இரண்டு மூன்றாகப் பிரிந்துவிடும். தாய் தன் குட்டிகளுடன் தனித்தே செல்லும். சிறு மரத்திற் பலர் ஏறினால் ஒவ்வொன்றின் பங்கும் குறையும். மேலும் நடக்க வேண்டிய தூரம் கூடும். குட்டியைச் சுமக்கும் தாய்க்கு அந்நடை பேரிழப்பன்றோ?

உணவின் அருமை அவற்றின் அறிவையும் தீட்டுகின்றது. ஐவரி கோஸ்ட் நாட்டின் தாயீ என்னும் காட்டிற் பெண் சிம்பன்சிகளைப் பின்தொடர்ந்த கார்லின் யான்மாட்டும் அவருடைய துணைவர்களும் 2014ஆம் ஆண்டில் ஓர் அரிய செய்தியை வெளியிட்டனர். அத்திப்பழம் பிற விலங்குகளும் விரும்புவது, விரைவில் தீர்ந்துவிடுவது. அதனைக் காலை உணவாகக் கொள்ளும் நாட்களில் அப்பெண் சிம்பன்சிகள் விடியுமுன்பே இருளிற் புறப்பட்டன. மரம் தொலைவில் இருந்தால் இன்னும் முன்னதாகவே எழுந்தன. நாளைய உணவை இன்றே எண்ணும் ஆற்றல் மனிதனுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

கினி நாட்டுப் பொசு என்னும் இடத்திலோ வேறொரு காட்சி. அங்கே கனி குறையும் மாதங்களிற் சிம்பன்சிகள் எண்ணெய்ப்பனையை நாடுகின்றன. அதன் கொட்டைகளைக் கல்லின் மேல் வைத்துக் கல்லால் உடைக்கின்றன. மரத்தின் உச்சியில் ஏறி, ஓலைக்காம்பை உலக்கையாகக் கொண்டு குருத்தை இடித்து உண்கின்றன. கனி குன்றுங்கால் கருவியின் பயன்பாடு மிகுவதை யப்பானிய ஆராய்ச்சியாளர் கென் யாமகோசி 1998இல் எடுத்துக்காட்டினார்.

இங்ஙனமாயின், பசி மிகுந்தபோதே அவை வேட்டையாடும் என்று எண்ணத் தோன்றும். உகண்டாவின் கிபாலே காட்டிலுள்ள இங்கோகோ என்னும் இடத்திற் கண்ட உண்மை இதற்கு மாறானது. அங்கே கனி மலிந்த காலத்திலேயே செந்நிறக் கொலோபஸ் குரங்குகளை அவை மிகுதியாக வேட்டையாடின. கனி மலிந்தால் ஆண்கள் பலர் ஒன்றுகூடுவர். உடலில் வலிமையும் இருக்கும். வேட்டை தவறினும் பட்டினி நேராது.

இனி, மனிதன் கொடுத்த உணவு விளைத்த கதையைக் கேளுங்கள். ஜேன் குடால் அம்மையார் 1960ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள் தங்கனீக்கா ஏரிக்கரையிலுள்ள கொம்பே காட்டை அடைந்தார். நெடுநாள் சிம்பன்சிகள் அவரைக் கண்டதும் ஓடின. பின்னர் அவருடைய முகாமிலே வாழைப்பழம் வைக்கப்பட்டது. அவை அஞ்சாது வந்தன. அருகிருந்து அவதானிக்கும் பேறு கிட்டியது. ஆயினும் அதற்கு ஒரு விலையும் இருந்தது. காடெங்கும் பரந்து கிடக்க வேண்டிய உணவு ஓரிடத்தே குவிந்தமையால், பிரிந்து திரிய வேண்டியவை நெருங்கி நின்றன, சண்டைகள் பெருகின, பபூன் குரங்குகளும் வந்து போட்டியிட்டன. வாழைப்பழம் கொடுக்கப்பட்ட வேளைகளிற் சண்டை மிகுந்ததை றிச்சார்ட் றாங்ஹாம் 1974இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். அதற்கு முன்னரே பழம் வழங்குதல் பெரிதும் குறைக்கப்பட்டிருந்தது.

அதே 1974ஆம் ஆண்டிற் கொடிய நிகழ்ச்சியொன்று தொடங்கிற்று. முன்பு ஒன்றாயிருந்து பிரிந்த இரு கூட்டங்களுள், வடபகுதிக் கூட்டத்தின் ஆண்கள் தென்பகுதிக் கூட்டத்தினரைத் தனிமையிற் கண்டு தாக்கிக் கொன்றனர். சில ஆண்டுகளுக்குள் தென்பகுதி ஆண்கள் அனைவரும் மடிந்தோ மறைந்தோ போயினர். இது சிம்பன்சியின் இயல்பா, மனிதன் இட்ட பழத்தின் பயனா என்னும் வினா எழுந்தது. பழமே காரணம் என மார்கரெட் பவர் என்பவர் 1991இல் ஒரு நூலில் வாதிட்டார்.

விடை பின்னரே கிடைத்தது. மனிதர் உணவு கொடாத இங்கோகோவிலும் பத்தாண்டுக் காலத்தில் 18 கொலைகள், நேரிற் கண்டும் சான்றுகளால் உணர்ந்தும், அறியப்பட்டன. அதன்பின் வென்ற கூட்டத்தின் நிலப்பரப்பு நூற்றுக்கு 22 வீதம் விரிந்தது. 2010இல் இது வெளிவந்தது. 2014இலோ 18 சமுதாயங்களின் குறிப்புகளைத் திரட்டிய ஆராய்ச்சியாளர், ஐயத்துக்குரியவை உட்பட 152 கொலைகளை ஆராய்ந்து, மனிதரின் உணவூட்டலாலோ இடையூற்றாலோ அவற்றை விளக்க முடியாது என முடிவு கண்டனர்.

ஆகவே வழக்கின் இரு பக்கத்திலும் ஓரளவு உண்மை உண்டு. முகாமிற் சண்டையைப் பெருக்கியது வாழைப்பழமே. ஆனால் அயற்கூட்டத்தைக் கொல்லும் இயல்பை அப்பழம் படைக்கவில்லை. கனி தரும் நிலத்தை விரித்தல் அவ்வியல்பின் ஒரு பயன் எனலாம்.

2025ஆம் ஆண்டிற் குடால் அம்மையார் மறைந்தார். கொம்பேயின் வாழைப்பழம் அதற்கு நெடுநாள் முன்பே நின்றுவிட்டது. அக்காடு கற்பித்த பாடமோ நிற்கின்றது. உணவின் அளவு மாத்திரமன்று, அது பரந்து கிடக்கும் முறையும் ஓர் உயிரினத்தின் உறவுகளை அமைக்கின்றது. அன்போடு ஓரிடத்திற் குவித்த பழமே அமைதியைக் குலைத்ததெனில், ஓர் அத்திமரத்தை வெட்டுபவன் ஒரு வேளை உணவை மட்டுமா அழிக்கின்றான்? அம்மரத்தடியிற் கூடும் ஒரு சமுதாயத்தின் ஒழுங்கையும் அன்றோ கலைக்கின்றான்!