வானில் பறப்போரின் ஊதியமும் உரிமையும்

(வெள்ளி விழாவையொட்டித் தங்கச்சிமடத்தில் ஆற்றிய உரை)



விமானப் பணியாளர் வேலையை நாடும் நம் இளைஞர்க்கு, அப்பணியின் ஊதியம், உயர்வு, உரிமைப் போராட்டம் ஆகியவை குறித்துச் சில கூற விழைகிறேன்.

உணவு பரிமாறுவது அப்பணியின் வெளித்தோற்றமே. ஆபத்து நேரும்போது பயணிகளை விரைந்து வெளியேற்றி உயிர் காப்பதே அதன் தலையாய கடமை. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணிகளைக் காக்க முனைந்து உயிர்நீத்த நீரஜா பனோட், மறைவுக்குப் பின் அசோகச் சக்கர விருது பெற்றார்.

இனி ஊதியத்தைக் காண்போம். அது பெரும்பாலும் இரு கூறுடையது. ஒன்று நிலையான சம்பளம்; மற்றொன்று பறந்த நேரத்திற்கேற்ற படி. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகு கரையில் நிற்கும் 61 நாட்களில் படகுத் தொழிலாளிக்குப் பங்கு கிடைப்பதில்லை என்பதை நாம் அறிவோம். பறக்காத நாளில் பறப்புப் படியின் நிலையும் அதுவே. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதங்கள் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றபோது நாடு இதனைக் கண்டது. ஆகவே, மொத்தத் தொகையைக் கேட்டு மகிழாமல், நிலையான சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

பணி உயர்வும் தானாக வந்ததன்று. அரசுடைமையாயிருந்த ஏர் இந்தியாவில் ஒரு காலத்தில் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வுபெற வேண்டும். பணியேற்ற நான்கு ஆண்டுகளுக்குள் மணம் புரிந்தாலும், முதன்முறை கருவுற்றாலும் வேலை போய்விடும். ஆனால் உடன் பறந்த ஆண் பணியாளர்க்கோ ஓய்வு வயது 58! நெர்கேஷ் மீர்சா முதலானோர் வழக்காடினர். 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கருவுற்றமைக்காகப் பணிநீக்கும் விதியைச் செல்லாதென்றது. ஆனால் நான்காண்டுத் திருமணத் தடையை ஏற்றுக்கொண்டது. முழு வெற்றியன்று, எனினும் பின்வந்த மாற்றங்களுக்கு அது வழிகோலியது.

நம்மவர்க்கு இதில் தனிக் கவலையும் உண்டு. 1953இல் நாட்டுடைமையாக்கப்பட்ட ஏர் இந்தியா, 2022 சனவரி 27 அன்று டாட்டா குழுமத்தின் கைக்குச் சென்றது. அதனுடன் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அங்கிருந்த இடஒதுக்கீட்டு வாயிலும் அடைபட்டது. தனியார் நிறுவனத்தில் அவ்வுரிமையைச் சட்டம் இன்னும் வழங்கவில்லை. அதனைக் கோருவது நம் கடமை. அதுவரை தகுதியாலும் ஒற்றுமையாலும் நுழைந்து நிலைக்க வேண்டும்.

ஒற்றுமையின் வலிமைக்கு அண்மைச் சான்று ஒன்று. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர் பலர், நிர்வாகம் தம்மைச் சமமாக நடத்தவில்லை என்று குறைகூறி, ஒரே நேரத்தில் நோய் விடுப்பு எடுத்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் நின்றன. பயணிகள் பெரிதும் இடர்ப்பட்டனர். நிர்வாகம் ஏறத்தாழ 25 பேரை நீக்கியது. மே 9 அன்று தில்லியில், மத்தியத் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்தது. நீக்கப்பட்டோர் மீண்டும் சேர்க்கப்பட்டனர். மற்றவர்களும் பணிக்குத் திரும்பினர். சங்கம் ஒன்று இருந்திராவிடில் அந்த இளைஞர்களுக்காக யார் பேசியிருப்பர்?

அண்ணல் அம்பேத்கர், 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து வாதிட்டார். வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்குவது தொழிலாளியை அடிமையாக்குவதற்கு ஒப்பாகும் என்றார். படித்தவன் சங்கத்தில் சேர்வது இழுக்கு என்போர்க்கு அவர் வாழ்வே விடையன்றோ?

இளைஞர்களே! பயிற்சி நிலையங்களுக்குப் பெரும்பணம் கட்டுமுன் ஆராயுங்கள். தேர்ந்தெடுத்தவர்க்கு விமான நிறுவனமே பயிற்சியளிக்கிறது. கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தை முழுதும் படியுங்கள். இடையில் விலகினால் பணம் கட்டவேண்டுமா என்று பாருங்கள். பணியில் சேர்ந்தபின் சங்கத்தில் சேருங்கள். நம் கல்விச் சங்கமும் ஒப்பந்தங்களைப் படித்து விளக்க அறிந்தவர் ஒருவரை அமர்த்துமாறு வேண்டுகிறேன்.

சங்கம் பொன்விழாவும் காண வாழ்த்தி அமைகிறேன்.