ஒரே ஒரு தடவை பார்த்த நிலா

இன்னைக்கு ஒரு போட்டோவில் இருந்து ஆரம்பிக்கலாம். வசதி இருந்தா எபிசோடை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, போன்ல 'ட்ரைட்டன் வாயேஜர்'னு தேடிப் பாருங்க. பஸ்ல நின்னுக்கிட்டு கேட்கிறவங்க கம்பியை விட வேண்டாம், நான் சொல்லியே காட்டிடறேன்.

ஒரு நிலா. கீழ்ப்பகுதி லேசான ரோஸ் நிறத்துல இருக்கு. அதுமேல ஈரப் பிரஷ்ஷை யாரோ ஒரே பக்கமா இழுத்துவிட்ட மாதிரி கருப்புத் தீற்றல்கள். அதுக்கு மேல நிறம் மாறி, மேடும் பள்ளமுமா, கிர்ணிப் பழத்தோட தோல் மாதிரி ஒரு நிலம். இது என்னோட உவமை இல்லைங்க. விஞ்ஞானிகளே அந்தப் பகுதியை அந்தப் பழத்தோட பேரை வெச்சுத்தான் கூப்பிடறாங்க.

இதுதான் ட்ரைட்டன். நெப்டியூன் கிரகத்தோட பெரிய நிலா. அந்தப் படம் எடுக்கப்பட்டது 1989 ஆகஸ்ட் 25ஆம் தேதி. அதற்கு முன்னால் இந்த இடத்தை யாரும் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் யாரும் போகவில்லை. ட்ரைட்டனோட தரையைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி அந்த ஒரே ஒரு வருகையில் கிடைச்சது. அப்பவும் முழுசா இல்லை, சுமார் 40 சதவீதப் பரப்புதான் தெளிவா படத்துல விழுந்தது. மிச்சம் இன்னும் இருட்டுதான்.

கதையைக் கொஞ்சம் பின்னாடி இருந்து சொல்றேன்.

1846 செப்டம்பர் 23. பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் காலே நெப்டியூனைக் கண்டுபிடிக்கிறார். இந்த இடத்தில் தேடுங்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் பிரான்ஸின் லெ வெரியே. செய்தி இங்கிலாந்துக்குப் போகிறது. அங்கே லிவர்பூலில் வில்லியம் லாசெல் என்று ஒருத்தர். தொழில், பீர் காய்ச்சுவது. ஆசை, டெலஸ்கோப் செய்வது. 24 அங்குலக் கண்ணாடி வைத்த ஒரு டெலஸ்கோப்பை அவரே கட்டி வைத்திருந்தார். புதுக் கிரகத்துக்கு நிலா இருக்கிறதா என்று பாருங்களேன் என்று ஜான் ஹெர்ஷெல் அவருக்குக் கடிதம் எழுதினார். லாசெல் தேடினார். அக்டோபர் 10ஆம் தேதி ட்ரைட்டன் கிடைத்தது. கிரகம் கிடைச்சு 17ஆவது நாள் நிலாவும் கிடைச்சாச்சு!

லாசெல் இன்னொன்றையும் பார்த்ததாகச் சொன்னார்: நெப்டியூனைச் சுற்றி ஒரு வளையம். அது தப்பு. நெப்டியூனுக்கு வளையங்கள் உண்டுதான், ஆனா அவரோட டெலஸ்கோப்ல தெரியற அளவுக்கு அதுக்கு வெளிச்சம் கிடையாது. ஒரே மனுஷன், ஒரே டெலஸ்கோப், ஒரே மாதம். ஒன்று சரி, ஒன்று தப்பு. அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று இதிலிருந்தே புரியும்.

சரி, இந்த நிலாவில் அப்படி என்ன விசேஷம்? முதல் விஷயம், இது ராங் சைடில் ஓடுகிறது.

ஒரு கிரகமும் அதன் நிலாக்களும் ஒரே தூசித் தட்டில் இருந்து பிறந்தால், கிரகம் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் நிலாவும் சுற்றிவரும். நம் நிலா அப்படித்தான். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் அப்படித்தான். எதிர்ப்பக்கமாகச் சுற்றும் நிலாக்கள் சில உண்டு, ஆனால் எல்லாம் சின்னச் சின்னக் கற்கள். சூரியக் குடும்பத்தின் பெரிய நிலாக்களிலேயே எதிர்த்திசையில் ஓடுவது ட்ரைட்டன் மட்டும்தான். ஐந்து நாள் 21 மணி நேரத்தில் ஒரு சுற்று.

ஒன்வேயில எதிர்ல ஒரு வண்டி வந்தா என்ன நினைப்போம்? இது இந்தத் தெரு வண்டி இல்லை, வேற எங்கிருந்தோ உள்ள நுழைஞ்சிருக்குன்னுதானே? விஞ்ஞானிகளும் அந்த முடிவுக்குத்தான் வந்தாங்க. நெப்டியூனுக்கு அப்பால் கைப்பர் பட்டை என்று ஒரு பகுதி இருக்கிறது. புளூட்டோ இருப்பது அங்கேதான். ட்ரைட்டனின் ஊரும் அதுதான். அதன் விட்டம் சுமார் 2,700 கிலோமீட்டர், புளூட்டோவை விடக் கொஞ்சம் பெரிது. உள்ளே இருக்கும் பாறை, பனிக்கட்டி விகிதமும் கிட்டத்தட்ட புளூட்டோ மாதிரியே. சுருக்கமா சொன்னா, நெப்டியூன்கிட்ட மாட்டிக்கிட்ட ஒரு புளூட்டோ.

எப்படி மாட்டியது? சும்மா பக்கத்தில் வந்தால் மட்டும் போதாது. வந்த வேகத்திலேயே வெளியே போய்விடும். யாராவது பிரேக் போட வேண்டும். 2006இல் கிரெய்க் ஆக்னர், டக்ளஸ் ஹாமில்டன் என்ற இரண்டு பேர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ட்ரைட்டன் தனியாக வரவில்லை, ஜோடியாக வந்தது. கைப்பர் பட்டையில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் ஜோடிகள் நிறைய உண்டு. அப்படி ஒரு ஜோடி நெப்டியூனை நெருங்கும்போது ஈர்ப்பு விசை அவர்களைப் பிரிக்கிறது. ஒன்று வேகம் குறைந்து இங்கேயே தங்கிவிடுகிறது. இன்னொன்று வெளியே வீசப்படுகிறது. அந்த இன்னொருத்தர் இப்போ எங்கே? யாருக்கும் தெரியாது.

வந்த இடத்திலும் இது அமைதியாக இருந்திருக்காது. நெப்டியூனுக்கு முன்பே இருந்த நிலாக்கள் இதன் இழுப்பில் சிதைந்திருக்கும், மோதியிருக்கும் என்று நினைக்கிறார்கள். இன்றைக்கு நெப்டியூனைச் சுற்றிவரும் மொத்த எடையில் 99 சதவீதத்துக்கும் மேல் ட்ரைட்டன் ஒன்றுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நம் நிலா வருஷத்துக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப் போகிறது. ஏனென்றால் பூமியின் சுழற்சி அதை முன்னால் தள்ளிவிடுகிறது. ட்ரைட்டன் எதிர்ப்பக்கம் ஓடுவதால் நெப்டியூனின் சுழற்சி அதைப் பின்னால் இழுக்கிறது. அதனால் அது மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டிருக்கிறது. சுமார் 360 கோடி வருஷத்தில் நெப்டியூனுக்கு மிக அருகே வந்து உடைந்துபோகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போ நெப்டியூனுக்கு நிஜமாகவே ஒரு பெரிய வளையம் கிடைக்கும். லாசெல் பார்த்ததா சொன்னாரே, அது!

இப்போ 1989க்கு வருவோம்.

வாயேஜர் 2 கிளம்பியது 1977 ஆகஸ்டில். முதலில் ஒப்புக்கொண்ட வேலை வியாழனும் சனியும் மட்டும்தான். வண்டி நன்றாக ஓடியதால் யுரேனஸ், அப்புறம் நெப்டியூன் என்று நீட்டித்தார்கள். நெப்டியூன் சூரியனில் இருந்து 450 கோடி கிலோமீட்டர். அங்கே விழும் வெயில் இங்கே விழுவதில் 900இல் ஒரு பங்கு. ராத்திரி ஓடற பஸ்ல இருந்து போன்ல போட்டோ எடுத்துப் பாருங்க, எல்லாம் கோடு கோடா வரும். அதேதான் பிரச்சினை. ஷட்டரை நிறைய நேரம் திறந்து வைக்க வேண்டும், ஆனால் வண்டி பயங்கர வேகத்தில் போகிறது. அதனால் படம் எடுக்கும்போது முழு விண்கலத்தையும் மெதுவாகத் திருப்பி ஈடுகட்டினார்கள். அங்கிருந்து சிக்னல் வர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் சக்தி, ஃபிரிட்ஜுக்குள் எரியும் பல்பு அளவுதான். அதைப் பிடிப்பதற்காக பூமியில் இருந்த 64 மீட்டர் ஆன்டெனாக்களை 70 மீட்டராகப் பெரிதாக்கினார்கள்.

அப்படி வந்த படங்களில்தான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. ட்ரைட்டனின் தரையில் குளிர் மைனஸ் 235 டிகிரி. நைட்ரஜனே உறைந்து பனிக்கட்டியாகக் கிடக்கும் இடம். அங்கே எல்லாம் செத்துக் கிடக்கும் என்றுதானே நினைப்போம்? ஆனால் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, தரையில் இருந்து கரும்புகை மாதிரி ஒன்று நேராக எட்டு கிலோமீட்டர் மேலே எழும்பி, அங்கே அடிக்கும் காற்றில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சாய்ந்து போவது தெரிந்தது. குறைந்தது இரண்டு இடத்தில். ஆரம்பத்துல சொன்ன கருப்புத் தீற்றல்கள் இருக்கே, இப்படி எழும்பிப் படிஞ்ச தூசியோட தடங்கள்தான் அதுன்னு நினைக்கறாங்க.

இதுக்கு ஒரு விளக்கம், கண்ணாடி ஏத்தி வெயில்ல நிறுத்தின கார். நைட்ரஜன் பனிக்கட்டி ஊடுருவித் தெரியக்கூடியது. வெயில் அதன் வழியாக இறங்கி அடியில் இருக்கும் கரிய பொருளைச் சூடாக்குகிறது. சூடு என்றால் சில டிகிரிதான். ஆனால் அதுவே போதும். அடியில் வாயு சேர்ந்து, அழுத்தம் ஏறி, பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. இன்னொரு விளக்கம், வெப்பம் ட்ரைட்டனின் உள்ளே இருந்தே வருகிறது, அடியில் தண்ணீர்க் கடல் ஒன்று இருக்கலாம் என்பது. பெரிய பள்ளங்கள் அதிகம் இல்லாததால் அந்தத் தரைக்கு வயசு ரொம்பக் குறைவு, 10 கோடி வருஷத்துக்கும் கீழே என்று கணக்கு. ஆக, ஏதோ ஒன்று அந்தத் தரையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. எந்த விளக்கம் சரி? திரும்பப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

போக முயற்சி நடந்தது. ட்ரைடென்ட் என்று ஒரு திட்டம். 2020இல் நாசாவின் கடைசி நான்கு பேர் பட்டியலில் இடம் பிடித்தது. 2025இல் கிளம்பி, வியாழனின் ஈர்ப்பில் வேகம் பிடித்து, 2038இல் ட்ரைட்டனைக் கடப்பதாக யோசனை. 2021 ஜூனில் முடிவு வந்தது. தேர்வானது இரண்டு திட்டங்கள், இரண்டுமே வெள்ளிக் கிரகத்துக்கு. ட்ரைட்டன் இல்லை. அடுத்த வருஷம் அமெரிக்க விஞ்ஞானிகள் போட்ட பத்தாண்டுப் பட்டியலில் பெரிய திட்டங்களில் முதலிடம் யுரேனஸுக்கு.

அதுல தப்பு சொல்ல முடியாது. வெள்ளியும் யுரேனஸும் காத்திருந்தவைதான். ஆனா கணக்கைப் பாருங்க. வியாழன் உதவியோடு நெப்டியூன் போகும் வசதி சுமார் 13 வருஷத்துக்கு ஒருமுறைதான் சரியாக அமையும். பயணம் இன்னொரு 13 வருஷம். அடுத்த வாய்ப்பைப் பிடித்தாலே போய்ச் சேர 2050 ஆகிவிடும். உங்களுக்கு இப்போ 23 வயசுன்னா, அப்போ ஐம்பதைத் தொட்டுட்டு இருப்பீங்க. அதற்குள் வெயிலும் நகர்ந்துவிடும். நெப்டியூனின் ஒரு வருஷம் நமக்கு 165 வருஷம். 2000ஐ ஒட்டி ட்ரைட்டனின் தெற்கில் உச்ச கோடை. 2040களின் நடுவில் அது முடிந்து, தென் துருவம் இருட்டுக்குப் போகும். புகை எழும்பியதை நாம் பார்த்தது அந்தத் தெற்கில்தான்.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. ட்ரைட்டனை நெருங்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வாயேஜர் 2ஐ நெப்டியூனின் வட துருவத்துக்கு மேலே, மேகங்களுக்குச் சுமார் 4,800 கிலோமீட்டர் உயரத்தில் ஓட்டினார்கள். அந்தத் திருப்பத்தில் அது கீழே, தெற்கு நோக்கி வளைந்தது. ஐந்து மணி நேரம் கழித்து ட்ரைட்டனைச் சுமார் 40,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. அதன் பிறகு திரும்பவே இல்லை. இன்னும் அதே தெற்கில்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் இன்றைக்கு அதற்குக் கட்டளை அனுப்ப முடிந்த ஆன்டெனா உலகத்திலேயே ஒன்றுதான், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில். 2023 ஜூலையில் ஒரு தவறான கட்டளையால் வாயேஜரின் முகம் பூமியில் இருந்து இரண்டு டிகிரி விலகிப்போச்சு, தொடர்பு அறுந்தது. கான்பெராவில் இருந்து முழு பலத்தோடு ஒரு கட்டளையை அனுப்பிவிட்டு 37 மணி நேரம் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 4ஆம் தேதி பதில் வந்தது.

சில மணி நேரம் ஒரு நிலாவைப் பார்ப்பதற்காக எடுத்த முடிவு அது. அந்த முடிவு போட்ட பாதையில்தான் வாயேஜர் இன்னும் ஓடுகிறது.

நெப்டியூன் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஊரில் யாராவது பெரிய டெலஸ்கோப் வைத்து வானம் காட்டினால், நெப்டியூனைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. மீன ராசி நட்சத்திரங்களுக்கு நடுவில் சின்ன நீலப் புள்ளியா இருக்கும். ரொம்ப நல்ல இருட்டா இருந்தா, பக்கத்துல இன்னும் மங்கலா ஒரு புள்ளி. லிவர்பூல்காரர் பார்த்தது அதைத்தான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.