ஒரே வாரத்தில் இரு படையெடுப்புகள்



இலக்கிய வட்டமொன்றின் பத்தாண்டு நிறைவில் மற்றொரு வட்டத்தை நினைவுகூர்தல் பொருத்தமுடையது. 1955இல் புடாபெஸ்ட் நகரில் எழுத்தாளரும் மாணவரும் கூடி விவாதிக்கத் தோன்றிய பெட்டோஃபி வட்டமே அது. 1849இல் ஜாரின் படைகளை எதிர்த்த போர்க்களத்தில் மறைந்த கவிஞரின் பெயரை அது தாங்கி நின்றது. பொதுவுடைமை இளைஞர் அமைப்பின் நிழலிலேதான் அது வளர்ந்தது. 1956 ஜூனில் அது நடத்திய பத்திரிகைச் சுதந்திர விவாதத்தில் பேசியமைக்காக, நெடுநாள் பொதுவுடைமையாளரான நாவலாசிரியர் டிபோர் டேரி கட்சியினின்று நீக்கப்பட்டார். அக்டோபர் 23இல் மக்கள் எழுச்சி மூண்டது. நவம்பர் 4இல் சோவியத் டாங்கிகள் அதை நசுக்க நகருக்குள் நுழைந்தன.

மறுநாள் எகிப்தின் சயீத் துறைமுகத்தில் பிரிட்டன், பிரான்சு நாடுகளின் வான்குடைப் படையினர் இறங்கினர். சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய நாசரைத் தண்டிப்பதே அவர்தம் நோக்கம். எகிப்துக்குத் துணைநின்ற வல்லரசே புடாபெஸ்டில் துப்பாக்கியை நீட்டியது. உலகெங்கும் இடதுசாரிகள் பிளவுபட்டது இந்த இடத்தில்தான்.

மாஸ்கோவைப் பழித்தால் கெய்ரோ தனித்து விடப்படும் என்றனர் ஒரு சாரார். இட்லரின் பக்கம் நின்று போரிட்ட ஹங்கேரியின் பழைய ஆளும் வர்க்கம் மீண்டும் தலைதூக்கும் என்றும் அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் நவம்பர் 14இல் உருவான புடாபெஸ்ட் மத்தியத் தொழிலாளர் மன்றம் முதலாளிகளைத் திரும்ப அழைக்கவில்லை; ஆலைகள் தொழிலாளர் கையிலேயே இருக்க வேண்டும் என்றது. அம்மன்றமும் டிசம்பரில் ஒடுக்கப்பட்டது.

மறு சாரார் அந்தக் குரலுக்குச் செவிசாய்த்தனர். பிரிட்டனில் வரலாற்றாசிரியர்கள் ஈ.பி. தாம்சனும் ஜான் சாவிலும் கட்சியை விட்டு வெளியேறினர். எரிக் ஹாப்ஸ்பாம் கட்சியிலேயே தங்கினார். மார்ட்டினிக் தீவின் கவிஞர் எய்மே செசேர், டாங்கிகள் நகரை நசுக்கும் முன்னரே, அக்டோபர் 24ஆம் நாளிட்ட கடிதத்தின் வழியே பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியினின்று விலகினார். கறுப்பின மக்களுக்காகவே மார்க்சியம், மார்க்சியத்துக்காக அம்மக்கள் அல்லர் என்பது அவர் வாதம். காலனிய எதிர்ப்பை அவர் கைவிடவில்லை.

இந்தியாவிலும் இதே வினா எழுந்தது. சூயஸ் படையெடுப்பை உடனே கண்டித்த நேரு, ஹங்கேரி குறித்துத் தயங்கினார். ஜெயப்பிரகாஷ் நாராயண் அத்தயக்கத்தை வெளிப்படையாகச் சாடினார்.

1957இல் டேரிக்கு ஒன்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது, 1960இல் விடுதலையானார். எழுச்சிக்காலப் பிரதமர் இம்ரே நாகி 1958 ஜூன் 16இல் தூக்கிலிடப்பட்டார். 2022இல் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தபோதும் இடதுசாரிகளிடையே அதே வழக்கு மீண்டும் எழுந்தது.

ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பவன் எந்த வல்லரசின் பக்கம் நிற்கிறான் என்று கேட்பது எளிது. டாங்கியின் முன் நிற்பவன் யார், அவன் கேட்பது என்ன என்று விசாரிப்பது கடினம். கடினமான அந்த விசாரணையே எழுத்தாளர்க்குரிய கடமை. சயீத் துறைமுகத்துக்கும் புடாபெஸ்டுக்கும் ஒரே குரலில் பேச அன்றே சிலரால் இயன்றது.